நான்காம் அறையின் மேற்குச் சுவர்

நான்காம் அறையின் மேற்குச் சுவரில் எதுவுமே இல்லை. படம் இல்லை, பலகை இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. ஆனால் கணினித் திரையில் அந்தச் சுவரின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. சிவப்பு என்றால், வந்தவர்கள் அங்கேதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அர்த்தம்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி பார்த்தான். கண்ணாடிப் பொருட்களுக்காகவே புதிதாகத் திறக்கப்போகும் அருங்காட்சியகம் அது. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைப் பாதி இடித்தும் பாதி விட்டும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். ஐந்து அறைகள், இருநூற்றுச் சொச்சம் பொருட்கள். எது எங்கே நிற்க வேண்டும், விளக்கு எந்தக் கோணத்தில் விழ வேண்டும், உள்ளே வருகிற ஆள் முதலில் எதைப் பார்த்து, பிறகு எந்தப் பக்கம் திரும்பி, எந்த இடத்தில் கால் வலித்து உட்கார வேண்டும் என்பது வரைக்கும் தீர்மானிப்பது அவன் வேலை. பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. ஜனங்கள் எல்லாரும் தாங்களாகத்தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம். கண் என்பது வீட்டு மாடு மாதிரி. கயிறு இருப்பது தெரியாமல் பிடித்தால் கூப்பிட்ட இடத்துக்கு வரும்.

வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்கு முன் நான்கு நாள் ஒத்திகை. தினமும் முப்பது பேரை உள்ளே விட்டு, கூரை மூலையில் உள்ள கேமராக்களால் யார் தலை எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் திரும்பியிருந்தது என்று கணக்கெடுப்பார்கள். திங்கட்கிழமைக் கணக்குதான் இப்போது திரையில் இருந்தது. முப்பத்திரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நான்காம் அறையின் கிழக்கு மூலையில், உலகத்தில் இரண்டே இரண்டுதான் என்று சொல்லி வரவழைத்த நீலக் குடுவை இருக்க, அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். வட்டத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து நூற்றைம்பத்தைந்து சென்டிமீட்டர். எந்தப் பொருளை மாட்டினாலும் அவன் மாட்டுகிற அதே உயரம். வளர்ந்த ஆளின் கண்மட்டம்.

போய்ப் பார்த்தான். சுண்ணாம்பு பூசிய பழைய சுவர். விரிசல் இல்லை. கை வைத்தால் லேசாகச் சில்லென்றிருந்தது, அவ்வளவுதான்.

"லைட் எதாவது இந்தப் பக்கம் சிந்துதா அண்ணே?"

எலக்ட்ரீஷியன் ஏணி மேலிருந்தே பதில் சொன்னார். "ஒரு சொட்டு கூட இல்ல சார். அந்தச் சுவத்துக்கு லைட்டே வேணாம்னு நீங்கதான சொன்னீங்க. இப்ப என்னைக் கேட்டா?"

அந்த அறையில் நாள் முழுக்க நிற்கிறவர் காவல்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். சீருடைச் சட்டையை அளவெடுத்துத் தைத்தவன் மேல் இன்னும் கோபம் தீராதவர். அவரிடம் கேட்டான்.

"எல்லாரும் அங்க என்னதாங்க பாத்தாங்க?"

"தெரியல தம்பி. நானும் அங்கதான் பாத்துட்டு நின்னேன்."

"அதான் எதுக்கு?"

காவல்காரம்மா யோசித்தார். "பாக்கணும்னு தோணல. கண்ணை எடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு. தெருவுல தெரியாத நாய் ஒண்ணு நின்னா, அதைப் பாத்துக்கிட்டே ஓரமா நடப்போம் பாருங்க, அந்த மாதிரி."

அவன் குறிப்பேட்டில் 'ஈரம்?' என்று மட்டும் எழுதிக்கொண்டான். நல்ல வேலைக்காரன் எவனும் நாயை எல்லாம் குறிப்பில் எழுத மாட்டான்.

அந்த வாரம் அவன் தனி ஆளாகவும் இல்லை. அக்கா மகள் கூட இருந்தாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள், சுண்டுவிரல் போல இருப்பதால் அவனுக்குச் சுண்டு. அக்காவுக்கு வயிற்றில் கட்டி, புதன்கிழமை அறுவை. அக்காவின் கணவர் கப்பலில், கரை சேர இன்னும் இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சுண்டுவின் பையை அவன் கையில் கொடுக்கும்போது அக்கா பையை விடவே இல்லை.

"டேய், உனக்கு வேலைல மூழ்கிட்டா ஊர் உலகம் தெரியாது. ஒரு வாரம்டா. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான். நான் பொழைச்சு வந்து கேக்கறப்ப இவளை என் கையில குடுத்துரு."

"ரொம்பத்தான் பேசாதக்கா. ஒரு புள்ளைய பாத்துக்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியாதுன்னுதான் சொல்றேன்" என்று அக்கா சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அந்த முகம் அவனுக்கு வாரம் முழுக்க மறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை. வேறு வழியில்லாமல் சுண்டுவை வேலைக்கே கூட்டி வந்தான். அவளும் சும்மா இல்லை. குழந்தைகளின் கண்மட்டம் பார்க்க அவனுக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. ஒத்திகைக்கு வந்தவர்களில் குழந்தைகள் யாரும் இல்லை. அதனால் அவளையே சுவரோரம் நிற்க வைத்து அளந்தான். கண் நூற்றைந்து சென்டிமீட்டர். அதன்படி படிக்கட்டு மேடைகள் வைத்தான், தாழ்வான பெட்டிகளுக்குச் சாய்வு வைத்தான். "நான் மாமாவோட ஸ்கேலு" என்று எலக்ட்ரீஷியன் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் மூச்சை ஊதிப் பனி பிடிக்க வைத்து, "மாமா, இதுக்கும் சளி" என்பாள். அவன் திட்டிக்கொண்டே துடைப்பான். அவள் அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை வட்டம் இறங்கியிருந்தது. நூற்று முப்பது.

முதலில் கேமராவைத்தான் சந்தேகப்பட்டான். பதிவை ஓட்டிப் பார்த்தான். கேமரா சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள்தான் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தார்கள். வேறு வேறு உயரம், வேறு வேறு வயது, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அத்தனை பேர் பார்வையும் அதே ஒரு புள்ளியில் போய் முட்டியது. எவரும் எதையும் சுட்டிக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பேசவும் இல்லை. அடுத்த அறைக்குப் போகும்போது வாசல் வரை பக்கவாட்டில் நடந்தார்கள்.

புதன்கிழமை நூற்றைந்து.

அன்றைய பதிவை அவன் முழுக்கப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டான். முப்பது பேர், துக்க வீட்டில் நிற்பதுபோல் தலை குனிந்து, ஒரு வெள்ளைச் சுவரின் இடுப்பு உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை அறுவைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டதாக அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்திருந்தது; பயம் அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, ஒத்திகைக்காரர்கள் போனபின், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குத் தனியாகப் போனான். ஜன்னல் இல்லாத அறை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே எப்போதும் ஒரே பொழுதுதான். குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், சுண்ணாம்பின் மேல் யாரோ விரல் நுனியை மெதுவாக, மிக மெதுவாக இழுப்பதுபோல், அவன் கவனித்தால் நின்று, கவனிக்காதபோது தொடர்ந்தது. நனைந்த சுவரின் வாசனையோடு, தலைக்கு எண்ணெய் வைக்காத குழந்தையின் உச்சந்தலை வாசனையும் கலந்து வந்தது. நாடாவின் முனையைத் தரையில் வைக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான், ஏனென்றால் அந்த உயரத்தில் அந்தச் சுவரின் முன்னால் கண்ணை எடுப்பது என்பது திடீரென்று முடியாத காரியமாகிவிட்டது. அங்கே எதுவும் தெரியவில்லை. வெள்ளைதான். ஆனால் உடம்பில் இருந்த ஒவ்வொரு மயிரும் பார்த்துக்கொண்டே இரு என்றது. இமைக்காதே என்றது. கண் எரிந்து நீர் வழிந்தது. எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

"குனிஞ்சிருச்சு மாமா."

பக்கத்தில் சுண்டு நின்றிருந்தாள். அவள் குனியவில்லை. அவளுக்கு அது நேர் மட்டம்.

"என்ன குனிஞ்சிருச்சு?"

"அதான். அன்னிக்கு உன் உயரத்துல நின்னுச்சு. இப்ப என் உயரத்துல. எனக்காக முட்டி போட்டிருக்கு."

"சும்மா எதையாவது சொல்லாத."

"பாத்துட்டே இருந்தா சமத்தா இருக்கு மாமா" என்றாள். குரலில் பயம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். நடைபாதையில் காவல்காரம்மா மேல் மோதிய பிறகுதான் தெரிந்தது, அறை முழுவதையும் பின்பக்கமாகவே நடந்து கடந்திருக்கிறான் என்று. சுண்டுவை இறக்கிவிட்டான். அவள் பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? பிள்ளையை வாரிக்கொண்டு ஓடியிருப்பான். அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் இரண்டு வருட வேலை, இரண்டு நாளில் திறப்பு. வெறும் சுவரைப் பார்த்துப் பயந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதைவிட, இந்தச் சங்கடத்துக்கு மருந்து தன் கையிலேயே இருப்பதாக அவன் நம்பினான். அவன் தொழில் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்று: யாரும் பார்க்காத பொருள் இல்லாத பொருள். கடையில் மூலை அலமாரிக்குப் போன சரக்கு செத்த சரக்கு. எத்தனை கதவுகளை, குழாய்களை, அசிங்கமான தூண்களை ஒரு திரைகூடப் போடாமல் அவன் மறைத்திருக்கிறான்! பக்கத்தில் வெளிச்சத்தை வைத்தால் போதும். இத்தனை பேர் பார்த்ததால்தான் அந்தச் சுவருக்கு இவ்வளவு மவுசு. பார்க்காமல் விட்டால் தானாகப் பட்டுப்போகும். முக்கியமாக, சுண்டு அதைப் பார்க்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆட்களோடு இறங்கினான். மேற்குச் சுவருக்குப் பளபளப்பில்லாத கரும் சாம்பல் அடித்தார்கள். அறைக்குள் வரும் வழியை ஒரு ஆள் அகலத்துக்குக் குறுக்கி இருட்டாக்கினான். இருட்டிலிருந்து வருகிறவன் முதல் வெளிச்சத்தைத் தாகத்தோடு பார்ப்பான். அந்த வெளிச்சம் நீலக் குடுவை மேல். மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து நூல் மாதிரி ஒன்று. இருக்கைகளைச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பினான். தரையின் மரப்பலகைகளைக்கூடக் குடுவையை நோக்கி ஓடும்படி மாற்றிப் போடச் சொன்னான். எலக்ட்ரீஷியன் கடைசி விளக்கைத் திருப்பிவிட்டு வாயைப் பிளந்தார். "யப்பா. அந்தப் பக்கம் சுவர் இருக்கறதே மறந்துபோச்சு சார்."

மதியம் ஒத்திகை. திரையில் மேற்குச் சுவர் கருப்பாக இருந்தது. ஒரு வினாடிகூட ஒருவரும் பார்க்கவில்லை. அவனுக்கு உயிர் வந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது, நாளை பேசலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்தும் சொன்னார்கள். இரண்டும் ஒரே நாளில். சுண்டுவைத் தோளில் தூக்கி வைத்து நடைபாதையில் ஒரு சுற்று ஓடினான்.

காவல்காரம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "நல்லாத்தான் இருக்கு. நானே அந்தப் பக்கம் திரும்ப முடியல. ஆனா யாராவது ஒருத்தர் பாத்துட்டு இருந்தா தேவலைன்னு தோணுது தம்பி."

"எதை?"

"அதைச் சொல்லத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

"நாளைக்கு இவ உங்க பொறுப்பு. முதல் ரூம்ல உக்கார வெச்சு வரையச் சொல்லுங்க. நாலாம் ரூம் பக்கம் விடாதீங்க." அது ஒன்றுதான் அவன் எடுத்துக்கொண்ட எச்சரிக்கை.

வெள்ளிக்கிழமை திறப்பு அமர்க்களமாக நடந்தது. அறுபது பேர் ஒரே நேரத்தில் நான்காம் அறையில் இருந்தார்கள்; இருட்டு வழியில் வந்து, நீலத்தைப் பார்த்து, அப்படியே நின்றார்கள். பேச்சு அடங்கிப்போனது. அவனும் நின்றான். தான் கட்டிய கயிறு தன்னையே இழுப்பதை அவன் முதன்முறையாக உணர்ந்தான், பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் சட்டை நுனி இழுபட்டது. கீழே கையை நீட்டினான். கைக்குப் பழகிய தலை. "இரு செல்லம், ஒரு நிமிஷம்" என்று தடவிக் கொடுத்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, யார் யாரிடமோ பாராட்டு வாங்கி, மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்தபின் பின்கட்டில் இருந்த கேமரா அறைக்கு வந்தான். ஒற்றை ஜன்னல், மேசை, திரை. சுண்டுவை அவனுக்குப் பின்னால் இருந்த சின்ன நாற்காலியில் உட்கார வைத்து, காகிதமும் கிரேயானும் கொடுத்தான்.

அவள் வரைய ஆரம்பித்தாள். சரக், சரக் என்று கிரேயான் காகிதத்தில் போய் வந்தது.

"என்ன வரையற?"

சரக், சரக்.

"கோவமா? மாமா இன்னும் பத்து நிமிஷம். காலைல எப்படி ஆச்சுன்னு பாத்துட்டு, அப்புறம் அம்மாகிட்ட போன்ல பேசலாம், சரியா?"

சரக், சரக்.

பதிவை ஓட விட்டான். பதினொன்று நாற்பது. நான்காம் அறை. கூரை மூலையிலிருந்து பார்த்தால் அறுபது முகங்களும் ஒரே பக்கம், நீல வெளிச்சம் பூசி, தொட்டியில் மீன்கள் தீனிக்குக் கூடியதுபோல். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கும்பலில் காவல்காரம்மாவையும் பார்த்தான். முதல் அறையில் இருக்கச் சொன்னவர் இங்கே வந்து குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண்டிக்க வேண்டும் என்று நினைத்தான்.

இருட்டு வழியிலிருந்து ஒரு மஞ்சள் கவுன் வந்தது. சுண்டு. இரண்டு பக்கமும் தேடினாள். அவனைத்தான் தேடினாள். பிறகு நின்றாள்.

அறுபது பேரும் கிழக்கே பார்த்திருக்க, அவள் மட்டும் மேற்கே திரும்பினாள்.

அப்படியே நின்றாள். பதிவின் கடிகாரம் ஓடியது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஆறு வயதுப் பிள்ளை எதையும் மூன்று நிமிடம் பார்க்காது. பிறகு ஒரு அடி பின்னால் வைத்தாள். கண்ணை எடுக்காமல். இன்னொரு அடி. ஆட்கள் குனிந்து பார்க்காமலேயே அவளுக்கு வழி விட்டார்கள். அவர்கள் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நிமிடம். அவள் முதுகு ஒரு ஆளின் காலில் இடித்தது. அந்த ஆள் அவன்.

சுண்டுவின் முகம் கேமராவுக்கு நன்றாகத் தெரிந்தது. இமைக்காத கண். கன்னம் முழுக்க ஈரம். ஒரு கை பின்னால் நீண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. வாய் அசைந்தது. பதிவில் சத்தம் இல்லை. மாமா என்றுதான் சொல்லியிருப்பாள். வேறு யாரைக் கூப்பிடுவாள்?

திரையில் இருந்தவன் திரும்பவில்லை. கை மட்டும் கீழே வந்தது. தலையைத் தடவியது. நெற்றிக்கு இறங்கியது.

கண்களை மூடியது.

அவனுக்கு ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் இமை மயிர் படபடவென்று அடித்தது ஞாபகம் வந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தான். அதற்குச் சிரிக்கக்கூடச் செய்திருந்தான்.

இரண்டு வினாடிதான். கை மறுபடி உச்சந்தலைக்குப் போனது.

மஞ்சள் கவுன் அங்கே இல்லை.

ஆனால் கை நிற்கவில்லை. தடவிக்கொண்டே இருந்தது. முன்பு இருந்த அதே உயரத்தில், அதே வளைவில், ஏதோ ஒரு தலையை. நாலு நிமிடம். கையின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் திரையருகே குனிந்தான். கண் வழுக்கியது. அவன் நீலக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கைக்குக் கொண்டுவந்தான். மறுபடி குடுவை. மூன்றாம் முறை கண்ணை விரலால் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். குடுவை. குடுவை. திரையின் மூலையில் கடிகாரம். குடுவை.

நல்ல வேலை. அவனே இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. திங்கள் முதல் அது அவன் வேலை செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதானே இருந்திருக்கிறது.

மேற்குச் சுவரை மட்டும் பார்க்க முடிந்தது. அதை மறைக்க இப்போது யாருக்கும் அவசியமில்லை. கரும் சாம்பலில், பெயின்ட்டுக்கு அடியிலிருந்து, இரண்டு சின்ன உள்ளங்கைகள் புடைத்திருந்தன. அடித்தன. மறுபடி அடித்தன. அறுபது பேரில் ஒருவர் திரும்பவில்லை.

பிறகு திரையில் இருந்தவன் ஒரு விரலைக் கீழே நீட்டினான். எதுவோ அதைப் பற்றிக்கொண்டது. குனிந்து எதையோ சொல்லிச் சிரித்தபடி அறையை விட்டுப் போனான்.

சரக், சரக்.

அவன் அசையவில்லை. பதினொன்றேமுக்காலிலிருந்து இப்போது வரை நடந்ததை எண்ணிப் பார்த்தான். பிஸ்கட் வாங்கினான். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். அப்போது கடைக்காரரின் தொப்பியைப் பார்த்தான். கையைப் பிடித்து நடந்தான். அப்போது தரைப் பலகைகளைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார வைத்தான். அப்போது ஜன்னலைப் பார்த்தான். மூன்றரை மணி நேரமாக அவள் முகத்தை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஓட வேண்டும். நான்காம் அறைக்கு. சுவரை உடைக்க வேண்டும். கால் கேட்கவில்லை.

போன் அடித்தது. அக்கா. விரல் தானாக எடுத்தது.

"டேய்." இளைத்துப்போன குரல். ஆனால் சந்தோஷமான குரல். "பொழைச்சிட்டேன்டா. கட்டி கெட்டது இல்லையாம், இப்பதான் டாக்டர் வந்து சொன்னாரு. முதல் வேலையா உனக்குத்தான் போட்டேன். பாப்பாகிட்ட குடு."

"அக்கா..."

"என்னடா? அழறியா? லூசு. குடு அவகிட்ட."

கிரேயான் சத்தம் நின்றது.

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. பாதங்கள். வெறும் பாதங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நனைந்த சுவரின் வாசனை.

அவன் கழுத்துக்குச் சொன்னான், திரும்பு. கண் மேசை விளிம்பைப் பார்த்தது. திரும்பு. கதவுப் பிடி. திரும்பு. ஜன்னல் கம்பியில் வெயில்.

சின்னக் கை ஒன்று அவன் காதோரத்திலிருந்து போனை எடுத்துக்கொண்டது. சில்லென்றிருந்தது.

"அம்மா" என்றது. முன்பல் இல்லாத வாயில் காற்று போகிற அதே குரல்.

"என் தங்கமே." அக்கா உடைந்து அழுவது அவனுக்குக் கேட்டது. "சாப்பிட்டியா? மாமா உன்னை நல்லா பாத்துக்கறானா?"

"ம்."

"நாளைக்கு அம்மாகிட்ட வந்துரு. மாமாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு. வந்து அம்மா பக்கத்துல படுத்துக்க, சரியா? ராத்திரி பூரா உன்னையே பாத்துக்கிட்டு இருக்கணும் எனக்கு."

"சரிம்மா" என்றது அது. பிறகு இன்னொரு கை கீழிருந்து வந்து, தேடி, அவன் சுட்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவன் ஜன்னல் கம்பியில் விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.